பின்னால் வருபவரின் பார்வை

வசந்தகாலம் பிறந்து வெயில் சற்றே ஏறத் தொடங்கியதும், மெல்பேர்ண் நகரின் தென்கிழக்குப் புறநகர்களில், நம்மவர் செறிந்து வாழும் தெருக்களில், ஞாயிற்றுக்கிழமைக் காலை வேளைகளில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். வீட்டு வாசலில் கார் நிற்கிறது. தகப்பனார் அதன் பின்புறத்தில் குனிந்து பட்டிகளை இழுத்து இறுக்குகிறார். தாயார் சாப்பாட்டுப் பெட்டிகளை உள்ளே அடுக்குகிறார். பிள்ளைகள் தலைக்கவசங்களை அப்போதே அணிந்துகொண்டு முற்றத்தில் ஓடித் திரிகிறார்கள். சற்று நேரத்தில் மூன்று நான்கு சைக்கிள்களை முதுகில் சுமந்தபடி அந்தக் கார் நகரத்தை விட்டு வெளியேறி மலையடிவாரத்தை நோக்கிப் புறப்படுகிறது.

அவர்களிற் பலர் போய்ச் சேருகிற இடம் லிலிடேலில் ஆரம்பித்து வோர்பேர்ட்டனில் முடியும் நாற்பது கிலோமீட்டர் நீளமான பழைய ரயில் பாதை. 1965ஆம் ஆண்டில் ரயில் ஓட்டம் நின்றுபோன அந்தப் பாதையிலிருந்து தண்டவாளங்களை அகற்றி, நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் உரியதாக்கிவிட்டார்கள். செங்குத்தான ஏற்றங்களில் ரயில் ஏறமாட்டாது என்பதால் அக்காலத்துப் பொறியியலாளர் மிதமான சரிவோடு அமைத்த அந்த வழி, இன்று எட்டு வயதுக் குழந்தையும் எழுபது வயது முதியவரும் ஒருசேரப் பெடல் மிதிப்பதற்கு வாய்ப்பாக இருக்கிறது. வண்டின், சேவில், யாரா ஜங்ஷன் என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வந்து போக, ஒருபுறம் பழத்தோட்டங்களும் மறுபுறம் மேய்ச்சல் நிலங்களுமாக விரியும் அந்த வழியில் ஒரு குடும்பம் முழுவதும் சேர்ந்து சைக்கிளோட்டும் ஆனந்தத்தை, அனுபவித்தவர் மாத்திரமே அறிவர். அந்த ஆனந்தத்துக்கு நான் விரோதியல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கும் பாதைக்கும் இடையே, நெடுஞ்சாலையில் நாம் கடக்கும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியே எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய நமக்குத் துவிச்சக்கர வண்டி புதிய பொருளன்று. யுத்தத்தால் எரிபொருள் அரிதாகிப்போன தொண்ணூறுகளில் அதுவே நமக்கு லொறியாகவும், மாட்டு வண்டியாகவும், சில வேளைகளில் நோயாளியைக் கொண்டுசெல்லும் வாகனமாகவும் இருந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு ஊரோடு பெயர்ந்தவர்களில் எத்தனையோ பேர் தம் வாழ்நாள் உடைமை முழுவதையும் ஒரு சைக்கிளின் கரியரிலும் ஹான்டிலிலும் கட்டித் தொங்கவிட்டுத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். சைக்கிளிற் சுமை கட்டுவது எப்படி என்று நமக்கு யாரும் கற்றுத் தரவேண்டியதில்லை. ஆனால் சைக்கிளையே சுமையாகக் கட்டுவது வேறு வித்தை என்பதையும், நடை வேகத்திற் பொறுத்துக்கொண்ட தளர்ச்சியை மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம் பொறுக்கமாட்டாது என்பதையும் நாம் இன்னும் சரிவர உணர்ந்ததாகத் தெரியவில்லை.

நான் உணர்ந்தது ஒரு லொறிச் சாரதியால். சில வருஷங்களுக்கு முன் ஒரு காலைப் பொழுதில், மலிவாகக் கிடைத்தது என்ற ஒரே காரணத்துக்காக வாங்கிய பட்டித் தாங்கி ஒன்றில் மூன்று சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையிற் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த லொறி இரண்டு மூன்று முறை விளக்கை மின்னிவிட்டு, பின்பு பக்கத்துத் தடத்துக்கு மாறி எனக்குச் சமாந்தரமாக வந்தது. அதன் சாரதி கையை நீட்டி, என் காரின் பின்புறத்தை மறுபடியும் மறுபடியும் சுட்டிக் காட்டினார். அடுத்த வெளிவழியில் இறங்கி ஓரமாக நிறுத்திப் போய்ப் பார்த்தேன். மேற்பட்டி ஒன்று அதன் பூட்டில் இரண்டு விரற்கடை அளவு வழுக்கியிருந்தது. அதனாலே தாங்கி முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து, எல்லாவற்றிலும் சிறியதான என் மகளின் சைக்கிள் கீழே தாழ்ந்து, அதன் பின் சக்கரம் புகைக்குழாயின் வாய்க்கு நேரே வந்து நின்றது. ரயரைத் தொட்டேன், சூட்டில் இளகிச் சுருங்கி, கருகிய நாற்றம் வீசியது. இன்னும் பத்து நிமிஷம் ஓடியிருந்தால் அந்த ரயர் வெடித்திருக்கும். பட்டியும் முற்றாக விடுபட்டிருந்தால், எனக்கு உதவி செய்த அதே மனிதரின் முகப்புக் கண்ணாடியில் அந்தச் சிறிய சைக்கிள் போய் மோதியிருக்கும். நிமிர்ந்து பார்த்தபோது இன்னொன்றும் கண்ணிற் பட்டது: காரின் இலக்கத்தகட்டில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாதபடி சக்கரங்களும் பெடல்களும் அதனை மறைத்துக்கொண்டிருந்தன.

அன்று மாலை இதைக் கேட்ட பக்கத்து வீட்டுப் பெரியவர், சாவகச்சேரிச் சந்தைக்கு வாழைக்குலை கட்டிப் பழகியவர், என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, கட்டின கயிறு இளகினால் முன்னால போறவனுக்கு ஒண்டும் ஆகாது. பின்னால வாறவனுக்குத்தான் ஆபத்து. அதால, கட்டி முடிச்சாப் பிறகு பின்னால போய் நிண்டு பார்க்கோணும்” என்று மாத்திரம் சொன்னார். சைக்கிள் தாங்கி குறித்து நான் பின்னர் வாசித்த சட்டவிதிகள் யாவற்றின் தாத்பரியமும் அந்த வார்த்தைகளில் அடங்கியிருந்ததென்பதைக் காலப்போக்கிற் கண்டுகொண்டேன்.

தாங்கியைத் தெரிவு செய்வதிலிருந்தே தொடங்குவோம். பொதுவாகப் பாவனையில் இருப்பவை மூன்று வகை. முதலாவது, பின்கதவில் கொக்கிகளை மாட்டிப் பட்டிகளால் இழுத்துக் கட்டும் தாங்கி. விலை குறைவு, மடித்து வைக்க இலகு, எந்த உபகரணமும் இன்றிப் பொருத்தலாம் என்ற சௌகரியங்கள் அதற்கு உண்டு. ஆனால் அதன் பாரம் முழுவதும் கதவின் மெல்லிய தகட்டு விளிம்பிலும் பட்டிகளின் இறுக்கத்திலும் தங்கியிருப்பதனால், கண்ணாடியாலான பின்கதவுகளுக்கும், மேலே பிளாஸ்டிக் இறக்கை பொருத்திய கார்களுக்கும் அது ஏற்றதன்று. எந்தக் காருக்கு எந்தத் தாங்கி பொருந்தும் என்று உற்பத்தியாளர் வெளியிடும் பட்டியலைப் பாராமல் அதை வாங்குவது, அளவு பாராமற் செருப்பு வாங்குவதை ஒத்த காரியம். பட்டி பதியும் இடங்களிற் பூச்சு உரசிப் போவதும் உண்டு. பூச்சுப் போனால் பணத்தோடு போயிற்று, பட்டி போனால் பிறர் உயிரோடு போகலாம்.

இரண்டாவது, எல்லோரும் டோபார் என்று சொல்லும் இழுவைச் சட்டத்தில் பொருத்துவது. இந்நாட்டில் அதன் நுனியிலுள்ள குண்டின் விட்டம் 50 மில்லிமீட்டர். அந்தக் குண்டின் மீதோ, அதைக் கழற்றிவிட்டு அது இருந்த சதுரத் துவாரத்திலோ தாங்கி உட்காருகிறது. சைக்கிள்களை இடுப்பளவு உயரத்துக்குத் தூக்கினாலே போதுமாகையால் முதுகுக்கு உபத்திரவமில்லை. சட்டகத்தைப் பற்றித் தொங்கவிடாமல் சக்கரங்களைத் தாங்கும் மேடை வகையாயின், பாரமான மின்சாரச் சைக்கிள்களுக்கும் அதுவே தகுந்தது. மூன்றாவது, கூரையின் மேல் நிறுத்துவது. பின்புறத்து விளக்கு, தகடு, கமரா எதையும் மறைக்காத பெருமை அதற்குண்டு. எனினும் காற்றை எதிர்த்து எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும். தலைக்கு மேலே தூக்கி ஏற்ற வேண்டும். அன்றியும், மேலே சைக்கிள் நிற்பதை மறந்து தாழ்வான கார்த் தரிப்பிடத்துக்குள்ளோ சொந்தக் கராஜுக்குள்ளோ நுழைந்து, சைக்கிளையும் கூரையையும் சேர்த்து உடைத்துக்கொண்டவர் பலர்.

எந்த வகையானாலும், வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. அதனை நம்மவர் செய்வதை நான் அபூர்வமாகவே காண்கிறேன். சாதாரணச் சைக்கிள் பத்து முதற் பதினைந்து கிலோ. மின்சாரச் சைக்கிளோ இருபது கிலோவைத் தாண்டி இருபத்தைந்தைத் தொடுகிறது. அத்தகைய இரண்டு சைக்கிள்கள் 50 கிலோ, அவற்றைத் தாங்கும் மேடைத் தாங்கி ஏறத்தாழ 18 கிலோ என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 68 கிலோ ஆகிறது. இந்தப் பாரத்தை இழுவைக் குண்டு செங்குத்தாகத் தாங்குமா என்பதைக் காரின் கைந்நூலிலும், தாங்கியின் ஒவ்வொரு தடமும் எத்தனை கிலோவைத் தாங்கும் என்பதைத் தாங்கியின் மீது ஒட்டிய வில்லையிலும் பார்க்கவேண்டும். இவ்விரண்டு எல்லைகளில் எதையும் மீறலாகாது. சிறு காரொன்றின் கூரைக்கு விதிக்கப்பட்ட எல்லை 75 கிலோ என்று கைந்நூல் சொல்லுமாயின், அதற்குள் குறுக்குச் சட்டங்களின் பாரமும் தாங்கியின் பாரமும் அடக்கம் என்பதை மறத்தலாகாது. தார் போடாத கிரவல் வழியிற் போவதானால் இந்த எல்லைகளை உற்பத்தியாளரே மேலும் குறைத்திருப்பர். சில தாங்கிகளை அவ்வழிகளிற் கொண்டுசெல்லவே கூடாதென்று எழுதியும் இருப்பர். குழியில் விழுந்து எழும் ஒவ்வொரு தடவையும், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாரம் நெம்புகோல்போல நின்று தன் எடையைப் போலப் பன்மடங்கு வலுவோடு சட்டத்தை இழுக்கிறது என்பதே அதற்குக் காரணம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். மெல்பேர்ண் அடங்கும் விக்டோரியா மாநிலத்தின் 2017ஆம் ஆண்டுச் சாலை விதிகளில் 292ஆம் விதி, சரிவரக் கட்டப்படாத சுமையோடும், வாகனத்தை நிலைகுலையச் செய்யும் சுமையோடும், பிறருக்குக் காயமோ தடையோ விளைவிக்கத்தக்கவாறு நீட்டிக்கொண்டிருக்கும் சுமையோடும் வாகனம் ஓட்டலாகாது என்கிறது. சுமை விழுந்தபின் தண்டிப்பதல்ல அதன் நோக்கம்; விழக்கூடிய நிலையில் இருப்பதே குற்றம். பக்கவாட்டில் இருபுறமும் 150 மில்லிமீட்டருக்கு மேல் சுமை வெளியே நீளக்கூடாது. பெரியவர் ஓட்டும் சைக்கிள் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மீட்டர் நீளமாகவும் சிறு காரின் அகலமும் ஏறத்தாழ அவ்வளவாகவுமே இருப்பதால், நடுவே சமமாக வைத்தால் விதிக்குள் அடங்குவதும், கவனமின்றி ஒருபுறம் தள்ளி வைத்தால் விதியை மீறுவதும் ஒரு சாண் தூரத்தில் நிர்ணயமாகிவிடுகிறது. பின் விளக்குகளும், தடுப்பு விளக்கும், திரும்பும் சைகை விளக்குகளும் மறையலாகாது. மறையுமானால் அவற்றுக்கு ஈடான விளக்குகளைத் தாங்கியிலேயே அமைத்தாக வேண்டும்.

இவை யாவற்றிலும் அதிகமாக மீறப்படுவது இலக்கத்தகடு பற்றிய விதி. பின்னால் இருபது மீட்டர் தூரத்தில் நிற்பவர் தகட்டைத் தெளிவாக வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். சைக்கிள்கள் அதை மறைக்குமாயின், அதே இலக்கம் பொறித்த துணைத் தகடு ஒன்றை விக்ரோட்ஸ் நிறுவனத்திடம் கட்டணம் செலுத்திப் பெற்றுத் தாங்கியில் மாட்ட வேண்டும். அட்டையில் மையால் எழுதிக் கட்டுவதும், வீட்டில் அச்சடித்துப் பிளாஸ்டிக் உறையில் இட்டுத் தொங்கவிடுவதும் அதற்கு ஈடாகமாட்டா. சைக்கிள் ஏற்றாத நாளில் வெறுந் தாங்கி தகட்டை மறைத்தாலும் குற்றம் குற்றமே. வேலை நாட்களிலும் வெறுந் தாங்கியைக் கழற்றாமற் கடைக்கும் வேலைத்தலத்துக்கும் போய்வரும் கார்களை நம் தெருக்களில் தினந்தோறும் காண்கிறேன். அவற்றின் இரும்புக் கைகள், தரிப்பிடத்தில் நடந்துபோகும் குழந்தையின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்த ஏற்பாடு இந்நாட்டுக்கு மாத்திரம் உரிய பிடிவாதமன்று. பிரித்தானியாவில் தாங்கியில் மாட்டும் மஞ்சள் தகட்டைப் பதிவு பெற்ற விற்பனையாளரிடம் ஆவணம் காட்டியே வாங்கவேண்டும். தகட்டை மறைத்து ஓட்டினால் ஆயிரம் பவுண் வரை அபராதம் உண்டு. ஜெர்மனியில் முத்திரையில்லாத மூன்றாவது தகடு ஒன்றைத் தாங்கியில் மாட்டுகிறார்கள். ஸ்பெயினிலோ பின்னால் நீளும் சுமையின் மேல் ஐம்பது சென்ரிமீட்டர் சதுரமான, சிவப்பும் வெள்ளையும் சாய்வாகப் பட்டை தீட்டிய பலகையைக் கட்டவேண்டும். தேசங்கள் பலவாயினும், அவை யாவும் பின்னால் வருபவர் எதைக் காண்கிறார் என்பதை வைத்தே விதி வகுத்திருக்கின்றன.

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு இத்தனை விதிகளா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. “குடும்பத்தோடு சைக்கிளோடப் போகிறவன் திருடனா, கொள்ளைக்காரனா? தகடு தெரியாவிட்டால் யாருக்கு என்ன நட்டம்?” என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்திலுள்ள மனவருத்தம் எனக்குப் புரிகிறது. தகட்டுக்காகச் சோதனைச் சாவடிகளில் நின்று பழகிய சமூகம் தகட்டை அதிகாரத்தின் கருவியாகவே பார்க்கக் கற்றிருப்பதில் வியப்பில்லை. ஆயினும் நம் ஊரிலேயே கிராமசபை கொடுத்த சைக்கிள் அனுமதித் தகட்டை நம் தகப்பன்மார் மட்காட்டிற் பூட்டி வைத்திருந்தார்கள். களவுபோன சைக்கிளைத் தேடிப்போன நாளில் அந்தத் தகட்டிலக்கமே அவர்களுக்குச் சாட்சியாக நின்றது. இங்கும் அப்படியே. நம் காரை மோதிவிட்டு நிற்காமற் போன ஒருவரைக் கண்டுபிடிக்க நமக்கிருக்கும் ஒரே துணை அவருடைய தகடு. அவருக்கும் மற்ற எல்லோருக்கும் நம்மைப் பற்றி இருக்கும் துணை நம்முடைய தகடு. சிற்றிலிங்க், ஈஸ்ட்லிங்க் சுங்கச் சாலைகளின் கமராக்களும் அதைத்தான் வாசிக்கின்றன. பொதுச் சாலையில் முகத்தை மறைத்துக்கொண்டு போகும் உரிமையைத் திருடனுக்கு மறுக்கும் நாம், நமக்கு மாத்திரம் அதைக் கேட்பது நியாயமாகாது.

இருப்பினும் பிழை முழுவதையும் வாங்குபவர் தலையில் சுமத்துவதும் நியாயமன்று. நான் தாங்கி வாங்கிய கடையில், பட்டியின் நிறம் முதல் தவணைப் பணம் வரையில் எல்லாம் பேசப்பட்டன. தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்படவில்லை. என் காரின் பெயரைக்கூட அவர்கள் கேட்கவில்லை. தாங்கிப் பெட்டிக்குள் இருந்த படக் குறிப்பில் பட்டி மாட்டும் முறை இருந்ததேயன்றிப் புகைக்குழாயிலிருந்து சக்கரத்தை எவ்வளவு விலக்கவேண்டும் என்பது இல்லை. ஆகவே என் அபிப்பிராயம் இது: காரின் இனத்தைக் கேட்டறியாமலும், துணைத் தகட்டுக்கான விண்ணப்ப விபரத்தைக் கையிற் கொடுக்காமலும் எந்தக் கடையும் தாங்கி விற்கலாகாது என்று விதி செய்யவேண்டும். அந்த விபரம் தமிழ் உட்பட இங்கு வழங்கும் மொழிகளில் அச்சாகி இருக்கவேண்டும். ஓட்டுபவரைத் தண்டிக்கும் சட்டம், விற்பவரைப் பேசவைக்கும் சட்டமாகவும் இருந்தால், தண்டிக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் தாமாகவே குறைந்துவிடும்.

அரசாங்கம் அதைச் செய்யும் வரையில் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. சனிக்கிழமைகளில் நம் பிள்ளைகள் கூடும் தமிழ்ப் பாடசாலை வாசலில், அவர்களைக் கொண்டுவந்து விட்டுக் காத்திருக்கும் பெற்றோருக்கு, அனுபவம் உள்ள ஒருவர் அரைமணி நேரம் காட்டித் தந்தால் போதும்: பட்டியின் தொங்கும் நுனியை முடிந்து வைப்பது எப்படி, முன் சக்கரம் காற்றிற் சுழலாமலும் ஹான்டில் திரும்பாமலும் கட்டுவது எப்படி, கனமான சைக்கிளை முதலில், காரை ஒட்டி, ஏற்றுவது ஏன், இழுபடும் ரப்பர்க் கயிறு கண்ணைக் குத்தக்கூடியதாகையால் அதை நம்பாமற் பூட்டுள்ள பட்டியைப் பாவிப்பது ஏன், பத்துக் கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை நிறுத்தி எல்லாவற்றையும் மறுபடி இறுக்குவது ஏன். தாங்கியே வேண்டாம் என்பவருக்கும் வழி இருக்கிறது: நகரத்து ரயில்களிற் சைக்கிளை ஏற்றிச் செல்லலாம், லிலிடேல் நிலையத்தில் இறங்கினால் பழைய பாதை அருகிலேயே தொடங்குகிறது.

என் மகளின் சைக்கிளுக்குப் புது ரயர் போட்டோம். பழைய ரயர் இன்னும் கராஜின் சுவரில் ஆணியில் தொங்குகிறது. ஒவ்வொரு ஞாயிறும் அதைப் பார்த்துவிட்டே பட்டியைக் கையில் எடுக்கிறேன். வாசகர்களிடம் நான் கேட்பதும் பெரிய காரியமன்று. அடுத்த முறை சைக்கிள்களைக் கட்டி முடித்ததும், சாவியைத் திருப்புவதற்கு முன், காருக்குப் பின்னே இருபது மீட்டர் நடந்து போய்த் திரும்பி நின்று பாருங்கள். அங்கிருந்து உங்கள் இலக்கத்தை வாசிக்க முடிகிறதா, விளக்குகள் தெரிகின்றனவா, எதுவும் ஆடாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால் மாத்திரம் புறப்படுங்கள்.